பெட்டிக்கு முன்னால் பூ

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, எல்லோருடைய பார்வையும் நகரத்துக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையின் பக்கமும் திரும்பியது. அந்தச் சாவுகளுக்குக் காரணம் நகரத்தில் விற்கப்பட்ட மெத்தனால். ஆனாலும் மலை ஓடைகளின் கரையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது நெடுங்காலப் பழக்கம் என்பதால், அங்குள்ள மக்களுக்கு வேறு பிழைப்பு என்ன இருக்கிறது என்ற கேள்வியும் எழுந்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மலைவாழ் மக்களுக்கு மாற்றுத் தொழில் என்று பேச்சு வரும் இடங்களில் கறவை மாடு, ஆடு, தையல் இயந்திரம் ஆகியவற்றோடு தேனீப் பெட்டியும் தவறாமல் இடம்பெறும். 2017-இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் தொடங்கிய தேன் இயக்கமும், 2020-இல் மத்திய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்த தேசியத் தேனீ வளர்ப்புத் திட்டமும் இந்த எண்ணத்துக்கு வலு சேர்த்தவை. எண்ணம் நல்லதுதான். கல்வராயன் மலையைப் போல் தேனீ வளர்ப்புக்குத் தோதான இடம் வட தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆனால் வேலை தலைகீழ் வரிசையில் தொடங்குகிறது என்பதே என் வாதம். பெட்டி கடைசியாக வர வேண்டிய பொருள். அதற்கு முன்னால் வர வேண்டியது பூ. அதிலும், மலையில் பூ இல்லாத மாதங்களுக்கான பூ.

இது ஏன் என்று புரிய, தேனீக் குடும்பத்தின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ராணி இன்று இடும் முட்டை ஏறக்குறைய மூன்று வாரத்தில் வேலைக்காரத் தேனீயாக வெளிவருகிறது. வெளிவந்த தேனீ உடனே பூ தேடிப் போவதில்லை. அடையைத் துப்புரவு செய்வது, புழுக்களுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாசலில் காவல் நிற்பது என்று உள்வேலையில் இன்னும் இரண்டு மூன்று வாரம் போகும். பிறகுதான் அது வெளியே பறக்கிறது. ஆக, சித்திரையில் புங்கமும் நாவலும் பூத்துக் கொட்டும்போது தேன் சேர்க்கப் போகிற தேனீ, மாசியின் பிற்பகுதியிலோ பங்குனித் தொடக்கத்திலோ முட்டையாக இருந்திருக்க வேண்டும். அந்த முட்டையை ராணி இடுவதும் இடாததும் அப்போது பெட்டிக்குள் வரும் மகரந்தத்தைப் பொறுத்தது. புழுவுக்குத் தேவையான புரதத்துக்கு வேறு வழியே கிடையாது. பூ மலர்ந்த பிறகு பெருகத் தொடங்கும் குடும்பம் தேனை அறுவடை செய்யும் நிலைக்கு வருவதற்குள் பூ முடிந்துவிடும். தேன் வரத்தின் அளவைத் தீர்மானிப்பது தேன் காலம் இல்லை, அதற்கு ஆறு வாரம் முந்தைய காலம். பெட்டி வாங்கியவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே மனம் சோர்ந்துபோவதற்கு இந்தக் கணக்கு சொல்லித்தரப்படாததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நன்றாக இருக்கும் ஒரு குடும்பத்தின் புழு அறையிலிருந்து ஒரு சட்டத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்தால் இதைக் கண்ணால் காணலாம். நடுவில் மூடிய அறைகளும் அரிசிமணி போன்ற புழுக்களும், அவற்றைச் சுற்றி மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல் என்று பல நிறத்தில் மகரந்தம் அடைத்த வளையம், அதற்கு மேலே மினுங்கும் தேன். எத்தனை நிறமோ அத்தனை வகைப் பூ. பூ குறையும்போது முதலில் காணாமல் போவது அந்த மகரந்த வளையம்தான். ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். பட்டினி முற்றினால் வேலைக்காரத் தேனீக்கள் தங்கள் புழுக்களையே தின்றுவிடும். குடும்பம் சிறுத்து, அடையின் ஓரங்களைக் காக்க ஆள் இல்லாமல் போனதும் மெழுகு அந்துப்பூச்சி நுழைந்து வெள்ளை நூலாம்படை கட்டும். அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும். நம் ஊர் அடுக்குத் தேனீ, இடம் சரியில்லை என்றால் கூட்டை விட்டே கிளம்பிவிடும் இயல்புடையது. அந்துப்பூச்சி வந்து கெடுத்துவிட்டது என்று வளர்ப்பவர் நினைப்பார். அந்துப்பூச்சி வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தக் குடும்பம் தோற்றிருக்கும்.

கல்வராயன் மலையின் ஆண்டு எப்படி இருக்கிறது? தையில் மாவும், அதை ஒட்டி இலவமும் பூக்கும். பங்குனியில் வேம்பு, அதோடும் அதன் பின்னும் நாவல், புங்கம், கடுக்காய், மருது, வைகாசியிலிருந்து புளி. இதுதான் பெருவரத்து. பாறை இடுக்குகளில் பெரிய மலைத்தேனீயும் புதர்க் கிளைகளில் கொம்புத் தேனீயும் மரப்பொந்துகளில் அடுக்குத் தேனீயும் செழிப்பது இந்தக் காலத்தை நம்பித்தான். ஆடி கழிந்ததும் மரங்கள் ஓய்ந்துவிடுகின்றன. ஆவணி, புரட்டாசியில் மழை பெய்த இடங்களில் தும்பை, நாயுருவி போன்ற சிறு செடிகள் கொஞ்சம் கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூ இருந்தாலும் தேனீ பறக்க முடியாது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, சேலம் பக்கம் கருமந்துறை என்று உயரமும் மழையும் மாற மாற இந்த நாள்காட்டியும் பதினைந்து இருபது நாள் முன்னே பின்னே நகரும் என்பதால், ஒவ்வொரு ஊரும் தன் நாள்காட்டியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் பள்ளம் எங்கே இருக்கிறது என்பதில் பெரிய வேறுபாடு இருக்காது: ஆவணியிலிருந்து மார்கழி வரை. இந்த ஐந்து மாதத்தை உயிரோடு கடக்கும் குடும்பம்தான் சித்திரையில் தேன் தரும்.

முன்பு இந்தப் பள்ளத்தை மலை விவசாயமே ஓரளவு நிரப்பியது. சாமையும் தினையும் கேழ்வரகும் காற்றையும் தம்மையும் நம்பிக் காய்க்கும் பயிர்கள்தான். ஆனால் அவற்றோடு துவரை, மொச்சை, அவரை, கொள்ளு என்று கலந்து விதைக்கும் வழக்கம் இருந்தது. வரப்பில் பூசணியும் சுரையும் படரும். மழைக்காலத்தின் நடுவிலும் முடிவிலும் இவை பூத்தன. இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பது மரவள்ளி. 1976 வரை மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்த மலை இது. அதன்பின் சாலை ஏறியது, ஆத்தூர், சேலம் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் கை நீட்டின, காசு கிடைத்தது. அந்தக் காசை யாரும் குறை சொல்ல முடியாது. மலைவாழ் குடும்பம் ஒன்று பிள்ளையைப் படிக்க வைத்தது மரவள்ளியில்தான் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. மலையடிவாரத்திலோ கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆகிய இரண்டு கூட்டுறவு ஆலைகளுக்கும் கரும்பு, மீதி நிலத்தில் நெல், மக்காச்சோளம். குச்சி நட்டு வளர்க்கும் மரவள்ளி, கரணை நட்டு வளர்க்கும் கரும்பு, தானே கருவுறும் நெல், காற்று கருவுறச் செய்யும் மக்காச்சோளம். நான்கில் எதற்கும் தேனீ வேண்டாம். மக்காச்சோளம் சில நாள் மகரந்தம் தருமே தவிர, இவற்றில் தேனீக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. பச்சைப் பசேல் என்று இருக்கும் ஒரு வட்டாரம் தேனீயின் கணக்கில் பாலையாக இருப்பது இப்படித்தான்.

தமிழ்நாட்டில் தேனீ வளர்ப்பு எங்கே வேர்பிடித்தது என்று பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். பாதிரியார் நியூட்டன் 1910-களில் நம் அடுக்குத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற, ஏழு சட்டம் கொண்ட சிறிய பெட்டியை வடிவமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் அந்தத் தொழிலை வீடு வீடாகக் கொண்டுபோனது. பயிற்சியும் சந்தையும் கூட்டுறவும் சேர்ந்தன. எல்லாம் உண்மை. ஆனால் குமரி மாவட்டம் தேனில் முன்னுக்கு வந்ததற்கு அடிப்படை, தையில் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ரப்பர் மரம். அதன் இளந்துளிரின் காம்பு நுனியில் சுரக்கும் இனிப்புதான் அங்கே தேன். பூகூட இல்லை, இலைக்காம்பு. அந்தத் தோட்டங்களை யாரும் தேனீக்காக நடவில்லை, ஆனால் அவை பல்லாயிரம் ஏக்கரில் நின்றன. அந்த வரத்து முடிந்ததும் பெட்டிகளை வேறு இடத்துக்கு வண்டியேற்றிக் கொண்டுபோகும் பழக்கத்தை அங்குள்ளவர்கள் கற்றார்கள். 1990-களின் தொடக்கத்தில் புழுக்கள் பை போல் உப்பிச் சாகும் வைரஸ் நோய் தென்னிந்திய அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தபோதும், மிச்சமிருந்த குடும்பங்களிலிருந்து குமரியில் தொழில் மீண்டும் எழுந்தது. தாங்கி நிறுத்த அந்தத் தோட்டங்கள் இருந்தன. கல்வராயனில் ரப்பர் கிடையாது, வேண்டியதும் இல்லை. அதற்கு இணையாக இங்கே எதைக் காட்டப்போகிறோம் என்பதற்குப் பதில் இல்லாமல் பெட்டியை மட்டும் ஏற்றுவது நியாயமில்லை.

பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். தேனீ வளர்ப்பவர்கள் எல்லோரும் வைப்பதுதான், ஒரு வாரம் இரண்டு வாரத்துக்கு அது உயிர் காக்கும். ஆனால் பாகு வெறும் இனிப்பு. பறப்பதற்குத் தெம்பு தரும், புழு வளர்க்காது. ஐந்து மாதம் பாகிலேயே ஓட்டிய குடும்பம் மாசியில் கிழட்டுத் தேனீக்களோடு நிற்கும். சர்க்கரைச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல பராமரிப்பில் அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்று ஆண்டுக்குத் தருவது ஏறக்குறைய 5 முதல் 10 கிலோ தேன். இத்தாலியத் தேனீ இதைப்போல் பல மடங்கு தருமே என்பது அடுத்த வாதம். தரும், பெரிய அளவில் பூ இருக்கும் இடத்தில். வட மாநிலங்களில் கடுகு வயலிலிருந்து அடுத்த பயிருக்கு லாரியில் பெட்டிகளைக் கொண்டுபோகும் வணிகர்களுக்கு அது சரி. வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பும் குடும்பத்துக்கு, பத்துப் பெட்டியோடு லாரி வாடகை பிடிக்கும் தொழில் ஒத்துவராது. பெரிய குடும்பத்துக்குப் பெரிய பசி. அடுக்குத் தேனீ இந்த மண்ணின் மழையையும் பூவையும் அறிந்த இனம், சிறு பூவிலும் சில்லறையாகச் சேர்த்து வாழத் தெரிந்தது.

மிகக் கனமான ஆட்சேபம் நிலத்தைப் பற்றியது. இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவரிடம் தேனீக்குப் பூ வளர்க்கச் சொல்வது எப்படி நியாயம்? மரவள்ளிக்குத் தேனீயே வேண்டாம் என்று நான்தானே சொன்னேன்? இதற்கான பதில் மலையடிவாரத்திலேயே, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, சீக்கிரமே தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களைச் சூறையாடியது. மருந்து அடித்து அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து கோடிக்கணக்கானவர்களின் உணவை மிரட்டியபோது, பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைப் பரப்பி அதைக் கட்டுப்படுத்தினார்கள். அந்தப் பணிக்காக 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுவது குளவியின் வேலை. ஆனால் வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு உயிர் வாழவும் முட்டையிடவும் இனிப்பு வேண்டும், பூந்தேன் அதற்கு நல்ல ஊற்று. மரவள்ளிக் காட்டின் வரப்பில் பூ இருப்பது மரவள்ளிக்காரருக்கே லாபம். தேனீக்காக என்று சொல்லி வரப்பைக் கேட்க வேண்டியதில்லை.

நிலம் தேடி அலையவும் வேண்டாம். வரப்பும் வேலியும் ஓடைக்கரையும் ஏரிக்கரையும் பள்ளிக்கூட வளாகமும் இருக்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் விதைக்கும் பேயெள்ளு இங்கும் வரும். ஆடிப் பட்டத்திலோ ஆவணியிலோ விதைத்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் மஞ்சளாகப் பூத்துப் புரட்டாசி, ஐப்பசிப் பள்ளத்தில் சரியாக வந்து விழும். இதன் ஒரு செடியின் மகரந்தம் அதே செடிக்கு உதவாது, பக்கத்துச் செடியிலிருந்து பூச்சிதான் கொண்டுவர வேண்டும். அதனால் தேனீ இருந்தால் விதை கூடும், விதை கூடினால் எண்ணெய். மரவள்ளிக்கு நடுவே இடைவெளியில் துவரையும் மொச்சையும் மீண்டும் வந்தால் கார்த்திகையிலிருந்து தை வரை பூவுக்கு வழி கிடைக்கும், சமையலுக்குப் பருப்பும் கிடைக்கும். முருங்கை ஆண்டில் இரண்டு மூன்று முறை பூக்கும். துளசியும் தும்பையும் கேட்பாரில்லாமல் வளரும், களை என்று பிடுங்காமல் விட்டாலே போதும். புங்கமும் நாவலும் புளியும் பலன் தர ஆண்டுகள் ஆகும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்த ஆண்டுக்குப் பேயெள்ளு, அடுத்த ஆண்டுக்கு முருங்கையும் துவரையும், பத்தாண்டுக்குப் பிறகு மரம் என்று ஒரே நேரத்தில் மூன்றையும் தொடங்க வேண்டும்.

இதில் பெட்டித் தேனீ மட்டும் நம் கவனத்தில் இருக்கக்கூடாது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு ஏதோ ஓரளவுக்கேனும் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன என்கிறது பல்லுயிர் குறித்த பன்னாட்டு அமைப்பின் 2016 அறிக்கை. அந்த வேலையில் கணிசமான பங்கு பெட்டிக்குள் வராத தேனீக்களுடையது. கத்தரிப் பூவை உற்றுப் பார்த்தால் தெரியும். அதன் மகரந்தப் பைகள் வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும். அடுக்குத் தேனீ வந்து தட்டினாலும் பெரிதாக எதுவும் உதிராது. நீலவரித் தேனீயோ கருந்தச்சன் தேனீயோ பூவைக் காலால் இறுகப் பிடித்து, இறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் வேகமாக அதிர வைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே தூவிக் கொட்டும். தக்காளிக்கும் ஆவாரைக்கும் இதே வழிதான். இந்தத் தேனீக்கள் மண்ணிலும் பட்ட மரத்திலும் தனியாகக் கூடு வைப்பவை. பூ பற்றாத இடத்தில் நூறு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், இருக்கிற கொஞ்சம் பூவுக்கும் இவற்றோடு போட்டி வரும். பூவை முதலில் பெருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், என் பார்வையில் முதன்மையான காரணம்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மக்காச்சோளத்தில் 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து தெளிப்பு கூடிவிட்டது. தேனீ மக்காச்சோளத்தின் ஆண் பூங்கொத்தில் மகரந்தம் எடுப்பது காலை நேரத்தில். அடித்தே ஆக வேண்டும் என்றால் மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு, காற்று இல்லாதபோது, பூக்கும் வரப்பைத் தவிர்த்து அடிக்கலாம். விதை நேர்த்தியிலும் தெளிப்பிலும் புழங்கும் நியோனிகோட்டினாய்டு வகை மருந்துகள் மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது, காரணம் தேனீ. நம்மிடம் அந்தத் தடை இல்லாதவரை ஊர்க் கட்டுப்பாடு ஒன்றே வழி. அடுக்குத் தேனீ ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் இரை தேடுவதாக வைத்துக்கொண்டால், அந்த வட்டத்துக்குள் 314 ஹெக்டேர், அதாவது 775 ஏக்கருக்கு மேல் வருகிறது. ஒருவர் நினைத்தால் மட்டும் போதாது. அவருடைய பெட்டியில் இருக்கும் தேனீ நாற்பது பேர் நிலத்தில் மேய்ந்துவிட்டு வரும்.

நாற்பது பேரும் கூடிப் பேச இடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் மே 1-ஆம் தேதிக் கூட்டம் சித்திரையில் வருகிறது, மரங்கள் பூத்து நிற்கும் நேரம். எந்த மாதத்தில் எந்த வளவில் எது பூக்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களும் காட்டுக்குள் தேன் எடுக்கப் போகிறவர்களும் சொல்லச் சொல்ல ஒரு நாள்காட்டி எழுத அதுவே சரியான நாள். காட்டில் எடுக்கும் தேனும் கடுக்காயும் அவர்களின் உரிமை என்று 2006 வன உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த அறிவையும் ஊராட்சி பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வெற்றிடம் எது என்று தெரிந்தபின், ஊரக வேலைத் திட்டத்தில் புங்கம், நாவல் நாற்றுக்கு இடம் ஒதுக்கலாம், பேயெள்ளு விதைக்கு ஏற்பாடு செய்யலாம். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குள் வரப்புகளில் விதை விழுந்திருக்க வேண்டும், தெளிப்பு நேரத்தைப் பற்றிய தீர்மானம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்கான விண்ணப்பத்தை அதற்கு அடுத்த ஆண்டு, குடும்பத்தைப் பிரித்து வைக்கத் தோதான மாசிக்கு முன்னால் கொடுக்கலாம். திட்டத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகள் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லும் காகிதங்களில் அந்த ஊரின் பூ நாள்காட்டியையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.